ரோந்துக் காரின் இரண்டாவது இருக்கை

2017 ஜூன் 14, புதன்கிழமை இரவு. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் தென்பகுதியில் போலீஸ் கார்களைப் போலீஸ் கார்களே துரத்திக்கொண்டிருந்தன. முன்னால் ஓடிய வண்டிகளும் துறைக்குச் சொந்தமானவைதாம். இரண்டு துரத்தல்களும் மோதலில் முடிந்தன. பிடிபட்டவர்கள் இரண்டு பையன்கள், ஒரு பெண். வயது 15, 16, 17. மூவரும் அதே காவல்துறையின் இளையோர் திட்டத்தில் பயிற்சி பெற்றுவந்த கேடட்கள். விடுப்பில் இருந்த சார்ஜென்ட் ஒருவரின் விவரங்களைக் கணினியில் இட்டு, பணிக்குக் கிளம்பும் காவலர் வண்டி எடுப்பதுபோலவே எடுத்துச் சென்றிருக்கிறார்கள். வயர்லெஸ் கருவிகளும் டேசர் என்னும் மின்னதிர்வுத் துப்பாக்கியும்கூட அவர்களிடம் இருந்தன. பிறகு மூன்றாவதாக ஒரு காரும் கிடைத்தது. கைதான கேடட்களின் எண்ணிக்கை ஏழாக உயர்ந்தது.

ஊர் பேசியதெல்லாம் ஒழுங்கைப் பற்றி. ஏறத்தாழ 2,300 பிள்ளைகள் இருந்த திட்டம் அது. இவர்களைச் சேர்த்தது எப்படி, சோதித்தது யார், சீருடை கொடுத்தால் திமிர் வராமல் என்ன செய்யும் என்று கேள்விகள் எழுந்தன. எட்டு நாள் கழித்து, ஜூன் 22 அன்று, கதை வேறு பக்கம் திரும்பியது. கார் எடுத்த வழக்கில் சிக்கிய 15 வயது மாணவியின் செல்பேசியைத் துப்பறிவாளர்கள் பார்த்தபோது, அதில் ஒரு காவலரின் செய்திகள் இருந்தன. அவருக்கு 31 வயது. ஒரு காவல் நிலையத்தின் கருவி அறையில் வேலை. அந்தச் சிறுமியுடன் பாலியல் உறவு கொண்டார் என்ற குற்றச்சாட்டில் அவரைக் கைது செய்யத் துறைத் தலைவர் சார்லி பெக்கே நேரில் போனார். இரண்டு நிலையங்களில் கேடட் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது.

இளையோர் போலீஸ் திட்டங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் 'ஒழுங்கும் பாதுகாப்பும்' என்று இரண்டு சொற்களையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது வழக்கம். ஒன்று இருந்தால் மற்றது தானே வந்துவிடும் என்ற எண்ணம். கிடைக்கும் பதிவுகளைப் படித்துப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளைக்குச் சொல்லித்தரப்படும் ஒழுங்கு, அதாவது சொன்னதைச் செய், மேலதிகாரியை எதிர்த்துப் பேசாதே, உள் விஷயத்தை வெளியே கொண்டுபோகாதே என்பது, கெட்ட எண்ணமுள்ள பெரியவருக்கு ஏற்கெனவே உழுது வைத்த நிலம். லாஸ் ஏஞ்சலிஸில் பிள்ளைகள் கட்டுப்பாட்டை மீறியது கண்ணில் பட்டதால்தான் பெரியவர் மீறியது வெளியே வந்தது. கார்கள் மோதாமல் இருந்திருந்தால் அந்தச் செல்பேசியை யாரும் திறந்திருக்கமாட்டார்கள்.

அமெரிக்காவில் இந்தத் திட்டங்களுக்கு வயது அதிகம். அங்கே பரவலானது 'எக்ஸ்ப்ளோரர்' என்னும் வகை. பாய் ஸ்கவுட்ஸ் அமைப்பின் துணை நிறுவனமான 'லேர்னிங் ஃபார் லைஃப்' குடையின் கீழ், உள்ளூர்க் காவல் நிலையங்கள் நடத்துபவை. பொதுவாக 14 வயதிலிருந்து 20 வரை சேரலாம். லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறையும் முதலில் இதைத்தான் நடத்தியது. தன்பாலினத்தவரையும் கடவுள் நம்பிக்கை இல்லாதவரையும் ஸ்கவுட்ஸ் அமைப்பு ஒதுக்கியதால் 2009இல் உறவை முறித்துக்கொண்டு, கேடட் என்ற பெயரில் சொந்தத் திட்டம் தொடங்கியது. பாகுபாட்டை ஒழிக்க எடுத்த நல்ல முடிவுதான். ஆனால் பெயரும் நிர்வாகமும் மாறின. காவலருக்கும் பதின்வயதுப் பிள்ளைக்கும் இடையிலிருந்த அமைப்பு பெரிதாக மாறவில்லை.

அந்த அமைப்பின் இதயம் 'ரைடு அலாங்'. அதாவது ரோந்துக் காரில் காவலர் பக்கத்தில் உட்கார்ந்து கேடட் சுற்றிவருவது. வகுப்பறையில் சட்டம் படிப்பதற்காக யாரும் எக்ஸ்ப்ளோரர் ஆவதில்லை; இந்தக் கார்ப் பயணத்துக்காகத்தான் ஆகிறார்கள். சாரணர் இயக்கங்கள் பல ஊழல்களுக்குப் பிறகு கற்றுக்கொண்ட பாதுகாப்பு விதி ஒன்று உண்டு: பிள்ளைகள் இருக்குமிடத்தில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். கூடாரத்துக்கும் கூடத்துக்கும் அந்த விதி பொருந்தும். ரோந்துக் காரில் எங்கே பொருத்துவது? முன்னால் இரண்டே இருக்கை. பின்னால் இருப்பது கைதிகளுக்கான கம்பி வலை. இரவு ஷிஃப்டில், பல மணி நேரம், நகரின் எந்த மூலைக்கும் போகும் அதிகாரத்தோடு ஒரு பெரியவரும் ஒரு பதினாறு வயதுப் பெண்ணும் தனியாக இருப்பார்கள். வேறு எந்த நிறுவனம் இப்படி ஓர் ஏற்பாட்டைப் பெற்றோரிடம் கொண்டுபோய்க் காட்டினாலும் கையெழுத்து விழாது. காக்கி காட்டினால் விழுகிறது. (அமெரிக்காவில் அது பெரும்பாலும் கருநீலம், பொருள் ஒன்றுதான்.)

2003இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஓமாஹா வளாகத்தைச் சேர்ந்த சாமுவேல் வாக்கரும் டான் இர்ல்பெக்கும் பதின்வயதுப் பெண்கள் மீதான போலீஸ் பாலியல் அத்துமீறல்களைத் திரட்டி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்த வழக்குகளில் கணிசமானவை எக்ஸ்ப்ளோரர் திட்டங்களோடு தொடர்புடையவை. தெருவில் நிறுத்திச் சோதிக்கும்போதுதான் ஆபத்து என்று நினைத்தவர்களுக்கு அது அதிர்ச்சி. 2024இல் 'மார்ஷல் புராஜெக்ட்' என்ற செய்தி நிறுவனம் பழைய வழக்குகளைத் தோண்டியெடுத்தது. ஐம்பது ஆண்டுகளில், எக்ஸ்ப்ளோரர்களைக் காவல்துறையினர் பாலியல் துன்பத்துக்கு ஆளாக்கியதாக ஏறத்தாழ 200 குற்றச்சாட்டுகள். இரண்டு ஆவணங்களுக்கும் இடையே இருபது ஆண்டுகள். இந்த இடைவெளியில் பாய் ஸ்கவுட்ஸ் அமைப்பே 2020 பிப்ரவரியில் திவாலானதாக அறிவித்து, 82,000க்கும் அதிகமான இழப்பீட்டுக் கோரிக்கைகளைச் சந்தித்தது. இவ்வளவுக்குப் பிறகும் பல ஊர்களில் பக்கத்து இருக்கை அப்படியே இருக்கிறது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்டோட்டன் என்ற சிற்றூர் வழக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பதின்வயதின் தொடக்கத்திலேயே எக்ஸ்ப்ளோரராகச் சேர்ந்த ஒரு பெண், போலீஸ் ஆகும் கனவோடு அந்த நிலையத்தையே சுற்றிவந்தாள். அவளுக்கு 15 வயதானபோதே அங்குள்ள காவலர் ஒருவர் அவளிடம் அத்துமீறத் தொடங்கிவிட்டார் என்கிறது மத்திய அரசு வழக்குரைஞர்களின் குற்றப்பத்திரிகை. 2021 பிப்ரவரியில், 23 வயதில், கருவுற்றிருந்த நிலையில் அவள் இறந்துகிடந்தாள். மாநில மருத்துவப் பரிசோதகர் தற்கொலை என்று எழுதினார். 2022இல் அந்தக் காவல் துறையே உள்விசாரணை நடத்தி, ஒருவர் மட்டுமல்ல, திட்டத்தோடு தொடர்புடைய வேறு சிலரும் அவளிடம் முறைகேடாக நடந்துகொண்டதாகச் சொன்னது. 2024 ஆகஸ்டில் அந்த முன்னாள் காவலர் கைதானார்; அவளைக் கொன்றுவிட்டுத் தற்கொலைபோல் அமைத்துக் காட்டினார் என்பது குற்றச்சாட்டு. அவர் மறுக்கிறார். கொலையைப் பற்றி நீதிமன்றம் சொல்லட்டும். நான் கவனிப்பது வேறு: பத்தாண்டு காலம் அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் அவள் நம்பிய பெரியவர்கள் பலரும் ஒரே நிலையத்துக்காரர்கள். யாரிடம் சொல்வாள்?

இந்த 'யாரிடம்' என்பதுதான் மற்றப் பயிற்சிக் கூடங்களிலிருந்து போலீஸ் திட்டத்தைப் பிரிக்கிறது. நீச்சல் பயிற்சியாளர் தவறு செய்தால் பிள்ளையும் பெற்றோரும் போலீசுக்குப் போகலாம். இங்கே பயிற்சியாளரே போலீஸ். புகார் எழுதுபவர் அவருடைய சகா. வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் தரப்போவது அவருடைய மேலதிகாரி. போதாதற்கு, தன் அணியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதையே முதல் பாடமாகக் கற்ற பிள்ளை இது. இந்தியாவின் போக்சோ சட்டம் (2012) இதை ஓரளவு புரிந்துகொண்டிருக்கிறது: 5ஆம் பிரிவில் கடுமையாக்கப்பட்ட குற்றங்களைப் பட்டியலிடும்போது முதலில் எழுதப்பட்டிருப்பதே போலீஸ் அதிகாரி. கல்வி நிறுவன ஊழியரும், பிள்ளையின் நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருப்பவரும் அதே பட்டியலில் பின்னால் வருகிறார்கள். வயது வரம்பும் இங்கே 18. மாசசூசெட்ஸில் அது 16. அங்கே பதினேழு வயது எக்ஸ்ப்ளோரரை ஒரு காவலர் தன்வசப்படுத்தினால், 'அவளும் சம்மதித்தாள்' என்ற வாதத்துக்கு இடமுண்டு.

நம் பக்கம் வருவோம். கேரளத்தில் 2010 ஆகஸ்ட் 2 அன்று 127 பள்ளிகளில் ஸ்டூடன்ட் போலீஸ் கேடட் திட்டம் தொடங்கியது. ஐ.பி.எஸ். அதிகாரி பி. விஜயன் அதைக் கட்டியெழுப்பியவர்களில் முதன்மையானவர். எட்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள். பள்ளிக்கு 44 பேர், 22 பையன்கள், 22 பெண்கள். 2018 ஜூலை 21இல் குருகிராமில் அன்றைய உள்துறை அமைச்சர் ராஜ்நாத் சிங் இதை நாடு முழுவதற்குமாகத் தொடங்கிவைத்தார். சென்னை மாநகரக் காவல்துறையின் 'சிற்பி' 2022 செப்டம்பரில் வந்தது: 100 பள்ளிகள், ஒவ்வொன்றிலும் எட்டாம் வகுப்பைச் சேர்ந்த 50 பேர், ஆக 5,000 பிள்ளைகள், ஒதுக்கீடு 4.25 கோடி ரூபாய்.

அமெரிக்க வகையோடு ஒப்பிட்டால் கேரள வடிவத்தில் ஒரு நல்ல அம்சம் இருக்கிறது. அது நிலையத்தில் குடியிருக்கவில்லை, பள்ளியில் இருக்கிறது. அன்றாடப் பொறுப்பு 'சி.பி.ஓ.' எனப்படும் ஆசிரியர்களிடம். ஓர் ஆணும் ஒரு பெண்ணும். நிலையத்திலிருந்து வரும் டிரில் இன்ஸ்ட்ரக்டர்கள் பரேடு கற்றுக்கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஆக, பிள்ளைக்கு இரண்டு துறைகளின் பெரியவர்கள். ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் சொல்லலாம். ரோந்துக் காரின் பக்கத்து இருக்கை இந்தத் திட்டத்தில் இல்லவே இல்லை. வகுப்பறையில் ஐம்பது பேரை ஒன்றாக வைத்துப் போக்குவரத்து விதியும் போதைப்பொருள் விழிப்புணர்வும் பேசுவதில் பெரிய ஆபத்து கிடையாது. கொஞ்சம் கொட்டாவி வரலாம், அவ்வளவுதான்.

ஆபத்து பொழுது சாய்ந்தபின் தொடங்குகிறது. முகாம் என்று வந்தவுடன் பள்ளியின் கூரை விலகிவிடுகிறது. மணி அடிப்பதில்லை, பெற்றோர் வாசலில் நிற்பதில்லை, செல்பேசி வாங்கி வைக்கப்படுகிறது. யார் எங்கே படுக்கிறார்கள், இரவில் கழிப்பறைக்குப் போகும் பிள்ளையோடு யார் போகிறார்கள், கதவின் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்பவைதான் அப்போது பாதுகாப்பின் முழுப் பொருள். முகாம் பற்றிய சுற்றறிக்கைகளில் சீருடைப் பட்டியல் ஒரு பக்கம் வரும். இவை வருவதில்லை.

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் நடந்தது போலீஸ் கேடட் முகாம் அல்ல; என்.சி.சி. முகாம்கூட அல்ல. அதுதான் அந்த வழக்கின் பாடம். என்.சி.சி. பயிற்சியாளர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் ஆகஸ்ட் 5 முதல் 9 வரை ஒரு முகாம் நடத்தினார். மாணவிகள் பள்ளியிலேயே இரவு தங்கினார்கள். அங்கே ஒரு சிறுமி பாலியல் வன்முறைக்கு ஆளானாள்; வேறு மாணவியரும் துன்புறுத்தப்பட்டதாகப் புகார் வந்தது. அந்தப் பள்ளியில் தங்கள் அணி எதுவும் இல்லை, அந்த ஆளுக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று பிறகு என்.சி.சி. தெரிவித்தது. அவர் வேறு பள்ளிகளிலும் இப்படி முகாம் நடத்தியிருந்தார் என்பது விசாரணையில் வெளிவந்தது. பிள்ளைகள் சொன்ன பின்பும் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள். முக்கியக் குற்றவாளியாகச் சொல்லப்பட்டவர் எலி மருந்து தின்று ஆகஸ்ட் 23 அன்று மருத்துவமனையில் இறந்தார். ஐ.ஜி. பவானீஸ்வரி தலைமையில் சிறப்பு விசாரணைக் குழுவை அரசு அமைத்தது.

ஒரு போலி ஆளால் எப்படி இத்தனை பள்ளிகளுக்குள் நுழைய முடிந்தது? சீருடைக்கு நம்மூரில் இருக்கும் மரியாதை அப்படி. பள்ளியில் என்.சி.சி.க்குப் போனவர்களுக்குத் தெரியும்: பிராசோ போட்டுத் தேய்த்த பக்கிள், 'சாவ்தான்' என்ற குரலுக்கு விறைத்து நிற்கும் முதுகு, பரேடு முடிந்து கிடைக்கும் சிற்றுண்டி. அந்த நினைவு இனிமையானதுதான்; நான் அதைக் குறைசொல்லவில்லை. ஆனால் அந்த இனிமையே பிறகு கேள்வி கேட்கும் வாயை அடைத்துவிடுகிறது. உண்மையான என்.சி.சி. 1948ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின் கீழ் இயங்குவது. பள்ளியில் அணி வேண்டுமென்றால் அனுமதி உண்டு, பயிற்சி பெற்ற ஆசிரியரான ஏ.என்.ஓ. உண்டு, பதிவெண் உண்டு. இவற்றில் ஒன்றையாவது பார்க்கக் கேட்டிருந்தால் அந்த முகாம் தொடங்கியே இருக்காது.

ஒழுங்கின் இன்னொரு முகத்தையும் விட்டுவிட முடியாது. 2023 ஆகஸ்டில் மராட்டிய மாநிலம் தாணேயில் ஒரு கல்லூரி வளாகத்தில் எடுத்த காணொளி நாடு முழுக்கப் பரவியது. கொட்டும் மழையில், சேற்று நீரில், என்.சி.சி. மாணவர்கள் தண்டால் நிலையில் கிடக்கிறார்கள். ஒருவர் தடியால் அவர்களை வரிசையாக அடிக்கிறார். அடித்தது ராணுவ அதிகாரியோ ஆசிரியரோ இல்லை. சீனியர் மாணவர், அதாவது நேற்று அதே சேற்றில் கிடந்தவர். தண்டனை இப்படித்தான் கைமாறுகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. வகுப்பில் ஒரு பிள்ளையை முட்டி போடவைத்தால் புகார் வரும்; மைதானத்தில் தவளை நடை நடக்கவைத்தால் அதற்குப் பயிற்சி என்று பெயர். பதிமூன்று வயதுப் பிள்ளை மே மாத வெயிலில் ஒரு மணி நேரம் அசையாமல் நின்று மயங்கி விழுந்தால், விழுந்தது அதன் குற்றம்போல மற்றவர்கள் நேராகப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். தண்ணீருக்கும் நிழலுக்கும் கட்டளை தேவையில்லை, கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்ற ஒரு விதி போதும். அதைச் சொல்லத் தயங்கும் பயிற்சியாளரிடம் பிள்ளையை விடுவதற்கில்லை.

போலீஸ் வேலையின் நிழலைப் பிள்ளைகள் மேல் விழவிடும் பழக்கமும் உண்டு. அமெரிக்காவில் வயது குறைந்தவருக்கு மது விற்கும் கடைக்காரரைப் பிடிக்க எக்ஸ்ப்ளோரர்களை வாடிக்கையாளராக அனுப்புகிறார்கள். கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பகுதியில் பதின்வயது எக்ஸ்ப்ளோரர்கள் பொம்மைத் துப்பாக்கி ஏந்திப் பயங்கரவாதிகளை எதிர்கொள்ளும் ஒத்திகை செய்ததை 2009இல் பத்திரிகைகள் படத்தோடு வெளியிட்டன. தமிழ்நாட்டுக்கு இதில் நேரடி அனுபவம் இல்லை என்றாலும் பக்கத்து அனுபவம் ஒன்று இருக்கிறது. 1993இல் ராமநாதபுரத்தில் பிரதீப் பிலிப் தொடங்கிய 'ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' நல்ல நோக்கத்தோடு பிறந்தது. 2020இல் சாத்தான்குளம் காவல் மரணங்களில் அதன் தன்னார்வலர்கள் பெயரும் அடிபட, ஜூலையில் அரசு அதைத் தடைசெய்தது. அவர்கள் பிள்ளைகள் அல்ல, பெரியவர்கள். அதிகாரத்தின் வாசனை மட்டும் கிடைத்து, அதற்குரிய பொறுப்பும் பதில்சொல்லும் கடமையும் எழுதப்படாமல் விட்டால் பெரியவர்களுக்கே என்ன ஆகும் என்பதற்கு அது சான்று.

அப்படியானால் இந்தத் திட்டங்களை மூடிவிடலாமா? நான் அந்தக் கட்சி இல்லை. சென்னையின் மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குக் காவல் நிலையம் என்பது அப்பாவை இழுத்துச் செல்லும் இடமாக மட்டும் தெரிந்திருக்கக்கூடும். அங்கிருந்து ஒரு பெண் எஸ்.ஐ. வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுவது சிறிய விஷயமில்லை. ஆனால் நிலையத்தின் கணக்கில் கேடட்களின் வருகைப் பதிவேடு இருப்பதுபோல், கேடட்களைச் சந்திக்கும் பெரியவர்களுக்கும் ஒரு பதிவேடு வேண்டும்: யார், எத்தனை மணிக்கு, உடன் யார். தனிப்பட்ட செல்பேசிச் செய்தி ஒன்றுகூடக் கூடாது. எல்லாம் பெற்றோரும் ஆசிரியரும் இருக்கும் குழுவில். லாஸ் ஏஞ்சலிஸில் விஷயம் செல்பேசி வழியாகவே வெளிவந்தது. அந்தத் தனிச்செய்தி வழியை முதல் நாளே அடைத்திருக்கலாம். புகார் போகும் இடம் அந்த நிலையமாகவோ அந்த மாவட்டக் காவல்துறையாகவோ இருக்கக் கூடாது. குழந்தைகள் நலக் குழுவிடம் நேராகப் போக வழி வேண்டும். பிள்ளைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் தம் ஊழியர்களின் பின்னணியைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகள் சொல்கின்றன. சோதிப்பது காவல்துறை. காவல்துறையே பயிற்சியாளரை அனுப்பும்போது அவரைச் சோதிப்பது யார் என்பதற்கும் எழுத்தில் பதில் இருக்க வேண்டும்.

குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் விட்டால் போக்சோ சட்டத்தின் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தம் ஊழியரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. தலைமையாசிரியர்கள் பலருக்கு இது தெரியும். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மகளோ மகனோ கேடட் முகாமுக்கான அனுமதிக் கடிதத்தை நீட்டும்போது உடனே கையெழுத்துப் போடாதீர்கள். பள்ளிக்குப் போய், இந்த அணிக்கு உத்தரவு எண் என்ன, இரவில் பிள்ளைகளோடு தங்கப்போகும் இரண்டு பெரியவர்கள் யார், அவர்களில் ஒருவரைப் பற்றிப் புகார் என்றால் என் பிள்ளை யாரிடம் பேசும் என்று கேளுங்கள். பிறகு பிள்ளையை உட்காரவைத்து, பரேடில் கேட்கும் கட்டளை பரேடோடு முடிந்துவிடுகிறது என்று சொல்லுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண், 14417 பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண். இரண்டையும் அது மனப்பாடமாகச் சொல்லும்வரை பை கட்ட வேண்டாம்.